மூன்று எழுத்து இருந்தால் அது காசாகிவிடுமா?

சில மாதங்களுக்கு முன்னர் பரந்தனுக்கு அருகில் ஒரு வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தேன். போனது வேறு வேலையாக. ஆனால் தேநீர் வருவதற்கு முன்னரே அந்த வீட்டு அம்மா மகனுடைய தொலைபேசியை வாங்கி என் கையில் தந்துவிட்டார்.

"பிள்ளை, இவன் இது டொலர் மாதிரி எண்டு சொல்லுறான். நீ படிச்ச பிள்ளை. ஒருக்கா வடிவாப் பாத்துச் சொல்லு."

மகனுக்கு இருபத்திநான்கு வயது. திரையில் ஒரு வட்ட இலச்சினை, பச்சை நிறத்தில் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கோடு, அதன் மேல் ஆங்கிலத்தில் மூன்று பெரிய எழுத்துக்கள். "அக்கா, கோட் எல்லாம் இருக்குது பாருங்கோ. எங்கட காசுக்கு எல்கேஆர் எண்டு இருக்கிற மாதிரித்தான் இதுக்கும். சும்மா கள்ளக் கொம்பனி எண்டால் கோட் குடுப்பாங்களே?"

அதற்குள் அவர்கள் ஒன்றரை இலட்சம் ரூபா போட்டிருந்தார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து எடுத்த காசு. 2009இல் மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும், பிறகு முகாமுக்கும், பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த சங்கிலி அது. அதை அவர் சொன்னது என்னிடம் அனுதாபம் தேடி அல்ல. சங்கிலியின் நிறையைச் சொல்லும்போது கூடவே வந்த தகவல் அது, அவ்வளவுதான்.

ஊடகக் கற்கைகளில் பட்டம் எடுத்தவள் நான். போலிச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு காசுக்கு மூன்று எழுத்தை யார் கொடுக்கிறார்கள், யார் கேட்டால் கொடுப்பார்கள், யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள் என்று அந்தப் பையன் கேட்டபோது சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கப் படிக்க அந்தக் கேள்வி கிரிப்டோ பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. கிளிநொச்சியைப் பற்றியதாகவும் இருந்தது.

நாணயங்களுக்கான மூன்றெழுத்துக் குறியீடுகள் ஐஎஸ்ஓ 4217 என்ற சர்வதேச நியமத்தில் அடங்குகின்றன. 1978இல் முதன்முதலாக வெளியானது. அந்தப் பட்டியலைப் பராமரிப்பது சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சிக்ஸ் என்ற நிதித்தரவு நிறுவனம். விதி எளிமையானது. முதல் இரண்டு எழுத்தும் நாட்டின் குறியீடு. மூன்றாவது எழுத்து பெரும்பாலும் நாணயத்தின் பெயரின் முதலெழுத்து. எல்கே என்றால் இலங்கை, ஆர் என்றால் ரூபா. எல்கேஆர். இந்தியாவுக்கு ஐஎன்ஆர். அமெரிக்காவுக்கு யுஎஸ்டி. எழுத்தோடு மூன்று இலக்க எண்ணும் உண்டு. எங்கள் ரூபாவின் எண் 144. லண்டனில் இருக்கும் மாமா வங்கி வழியாகப் பணம் அனுப்பினால், அங்குள்ள கணினி இங்குள்ள கணினிக்குச் சொல்வது இந்த எழுத்துக்களைத்தான். ரூபா என்ற சொல்லை அது அறியாது.

நாட்டுக் குறியீடு இல்லாமல் நாணயக் குறியீடு இல்லை என்பதுதான் இதில் முதலில் கவனிக்க வேண்டியது. நாணயத்தின் பெயருக்கு முன்னால் நாடு நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். எங்கள் நாட்டின் இரண்டெழுத்தில் 'ஸ்ரீ' இல்லை. எஸ்எல் சியரா லியோனுக்கு உரியது, எஸ்ஆர் சுரினாமுக்கு. எங்களுக்கு அமைந்தது எல்கே. தமிழில் நாங்கள் எப்போதும் சொல்லிவரும் 'இலங்கை'யின் ஒலிக்கு இதுவே நெருக்கம். 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்ததும், அடுத்த ஆண்டு அந்த எழுத்தோடு வடக்குக்கு வந்த பஸ்களில் தார் பூசப்பட்டதும், தெற்கில் தமிழ் எழுத்துப் பெயர்ப்பலகைகளில் பதிலுக்குத் தார் பூசப்பட்டதும், 1958 மே மாதம் அது எங்கே போய் முடிந்தது என்பதும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஓர் எழுத்துத்தானே என்று சொல்லிவிட முடியாத சமூகம் எங்களுடையது.

பட்டியலுக்கு வருவோம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவற்றுக்கு என்ன செய்வது? அதற்காக எக்ஸ் என்ற எழுத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். எக்ஸில் தொடங்கும் நாட்டுக் குறியீடு அதிகாரபூர்வமாக எந்த நாட்டுக்கும் வழங்கப்படவில்லை. ஆகவே எக்ஸில் தொடங்கும் நாணயக் குறியீடு எந்த நாட்டோடும் மோதாது. மேற்கு ஆபிரிக்க நாடுகள் எட்டுச் சேர்ந்து பயன்படுத்தும் பிராங்குக்கு எக்ஸ்ஓஎஃப். சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகுக்கு எக்ஸ்டிஆர். 2023 மார்ச்சில் இலங்கைக்கு அங்கீகரிக்கப்பட்ட கடன் சுமார் 300 கோடி டொலர் என்றுதான் செய்திகளில் வாசித்தோம். உண்மையில் அது எழுதப்பட்டது எக்ஸ்டிஆரில்: 228.6 கோடி. எங்கள் மின்கட்டணத்தை ஏற்றி இறக்கும் ஒப்பந்தம், எந்த நாட்டிலும் யாரும் கடையில் கொடுத்து ஒரு றாத்தல் பாண் வாங்க முடியாத ஓர் அலகில் எழுதப்பட்டிருக்கிறது.

தங்கத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. எக்ஸ்ஏயூ. நாடற்ற பொருட்களின் வரிசையில், வெள்ளியோடும் பிளாட்டினத்தோடும். பாவாடை விளிம்பில் தைத்துக் கொண்டுவந்த சங்கிலி சர்வதேச நியமத்தின்படி ஒரு நாணயம். அந்த அம்மா அதை ஐஎஸ்ஓ படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இனி பிட்கொயின். உலகம் முழுவதும் அதைப் பிரிசி என்று மூன்று எழுத்தில் எழுதுகிறார்கள். ஆனால் ஐஎஸ்ஓ விதிப்படி பார்த்தால் பிரி என்பது பூட்டானின் நாட்டுக் குறியீடு. பூட்டானின் நாணயமான நுல்ட்ரம் பட்டியலில் பிரிஎன். ஆகவே பிரிசி என்றால் பூட்டானுக்குச் சொந்தமான, 'சி'யில் தொடங்கும் இன்னொரு நாணயம் என்றுதான் விதி அறிந்தவர் வாசிப்பார். (அதே பூட்டான் இன்று தன் நீர்மின்சாரத்தைக் கொண்டு பிட்கொயின் அகழும் அரசுகளில் ஒன்று என்பது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.) எதேரியத்தை ஈரிஎச் என்கிறார்கள், ஈரி எதியோப்பியாவுக்கு உரியது. யுஎஸ்டிரிக்கு நான்கு எழுத்து. அது பட்டியலின் சட்டத்துக்குள்ளேயே வராது.

இந்த மோதலைத் தவிர்க்கத்தான் எக்ஸ்பிரி என்ற மாற்று எழுத்து முன்வைக்கப்பட்டது. நாடில்லை, ஆகவே எக்ஸ். தங்கத்தின் வரிசை. சில பெரிய நிதித்தரவு நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தவும் தொடங்கின. 2014இல் பிட்கொயின் அறக்கட்டளை இதற்கென ஒரு செயற்குழுவையே அமைத்து, ஐஎஸ்ஓ பட்டியலில் இடம்பிடிக்கப்போவதாக அறிவித்தது. எழுத்துரு உலகில் வெற்றியும் கிடைத்தது: 2017இல் பிட்கொயினின் சின்னம் யுனிகோட்டில் சேர்ந்தது. (தமிழ் எழுத்துக்கே உரிய ரூபாய்க் குறியான ௹ யுனிகோட்டில் அதற்கு முன்னரே இருக்கிறது. கிளிநொச்சிச் சந்தையில் ஒரு விலைப்பலகையிலாவது அதைக் கண்டவர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.) ஆனால் 4217 பட்டியலில் எக்ஸ்பிரி இன்றுவரை இல்லை. பிரிசியும் இல்லை.

ஏன் இல்லை? தொழில்நுட்பக் காரணம் ஒன்று சொல்லப்படுவதுண்டு. ரூபாவுக்கு இரண்டு தசமதானம், சதம் வரைக்கும். பிட்கொயினுக்கு எட்டு, ஒன்றைப் பத்துக் கோடித் துண்டாகப் பிரிக்கலாம். வங்கிகளின் பழைய கணினி முறைமைகள் அவ்வளவு நீளத்துக்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல. இது உண்மைதான், ஆனால் தீர்க்கக்கூடிய சிக்கல். என் பார்வையில் பெரிய காரணம் வேறு. இந்தப் பட்டியலில் சேர, நாணயத்தை வெளியிடும் அதிகாரபீடம் ஒன்று வந்து கேட்கவேண்டும். பிட்கொயினுக்கு அப்படி ஒருவரும் இல்லை. அதுவே அதன் பெருமை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஆளில்லாத காசு அது. 2021 செப்டெம்பரில் எல்சல்வடோர் அதைச் சட்டபூர்வ நாணயமாக்கியபோதுகூட அதை 'வெளியிடுபவர்' என்று எல்சல்வடோரினால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. 2025 ஜனவரியில் அந்த நாடே சட்டத்தைத் திருத்தி, வியாபாரிகள் கட்டாயம் ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது.

அரசு இல்லாவிட்டால் வழியே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. சுவிற்சர்லாந்தில் விர் என்றொரு கூட்டுறவு வங்கி இருக்கிறது. 1934இல், பொருளாதார மந்த காலத்தில், காசு புழங்காமல் தவித்த சிறு வியாபாரிகள் தங்களுக்குள் கடன் வரவு எழுதிக்கொள்ளத் தொடங்கியது. அதன் அலகுக்கு ஐஎஸ்ஓ பட்டியலில் குறியீடு உண்டு, ஒன்றல்ல, இரண்டு. அரசு வெளியிடாத அலகு. ஆனால் கேட்பதற்கு ஒரு முகவரி இருந்தது, முன்னால் சிஎச் என்ற சுவிஸ் நாட்டுக் குறியீடும் இருந்தது. எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் யுத்த காலத்தில் நிவாரண அட்டைக்கு அரிசியும் மாவும் அளந்து கொடுத்து இந்தப் பிரதேசத்தையே தாங்கின. அந்த அட்டைகளும் ஒருவகைக் காசுதான். அவற்றுக்கு எழுத்துக் கேட்டு எவரும் எங்கேயும் போகவில்லை.

இப்போது கிளிநொச்சி.

1994இல் ஆரம்பிக்கப்பட்ட தமிழீழ வைப்பகம், சமாதான காலத்தில் இங்கேதான் தலைமையகத்தைக் கொண்டிருந்தது. சேமிப்புக் கணக்கு, வட்டி, நகை அடகு, தொழில் கடன் எல்லாம் நடந்தது. நீதிமன்றம், காவல்துறை, சுங்கம் எல்லாவற்றையும் தனியாக நடத்திய ஒரு நிர்வாகம் அது. ஆனால் நாணயம் மட்டும் தனியாக அச்சிடவில்லை. வைப்பகத்தின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது இலங்கை ரூபாதான். அதே தெருவில் அரச வங்கிகளும் இயங்கின. ஆசிரியர்களுக்கும் தாதியருக்கும் கச்சேரி ஊழியருக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. ஓமந்தையைக் கடந்து வந்த சீமெந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொடுக்க வேண்டியதும் கொழும்பின் காசு. சொந்தக் காசு அச்சிட்டிருந்தால் அதைக் கொண்டு வாங்க வன்னிக்குள் நெல்லும் மீனும் இருந்திருக்கும், பனடோல் இருந்திருக்காது. அந்த நிர்வாகத்தைப் பற்றி வாசகர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நினைவும் கணக்கும் இருக்கும். நான் இங்கே பேசுவது ஒன்றைப் பற்றி மட்டுமே: தனி நாணயத்துக்கு மிக அருகில் வரைக்கும் போன ஒரு நிர்வாகம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

அதே 1994இல், ஆபிரிக்காவின் கொம்பில், சோமாலிலாந்து அந்தக் கோட்டைத் தாண்டியது. சோமாலியாவிலிருந்து பிரிந்ததாக 1991இல் அறிவித்த அந்த நிலம், தனக்கென ஷில்லிங் அச்சிட்டது. முப்பது ஆண்டுகளாக அந்தத் தாள்களில் மக்கள் ஆடும் ஒட்டகமும் வாங்கி விற்கிறார்கள். ஐஎஸ்ஓ பட்டியலில் அதற்கு ஓர் எழுத்தும் கிடைக்கவில்லை. மோல்டோவாவுக்குப் பக்கத்தில் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் ரூபிளுக்கும் அதே கதை. கொசோவோவின் கதை வேறு மாதிரி. எக்ஸ்கே என்று தற்காலிகமாகப் பயன்படுத்தப்படும் ஒரு நாட்டுக் குறியீடு அதற்கு உண்டு. ஐஎஸ்ஓ கொடுத்ததல்ல, பயன்படுத்துவோர் தாமாக வைத்துக்கொண்டது. காசுக்கு யூரோவைப் பிடித்துக்கொண்டது. நாடற்றவர்களின் எழுத்தான எக்ஸ், நாடென்று பாதி உலகம் ஏற்றுக்கொண்ட ஒரு நிலத்தின் முன்னால் இன்னும் நிற்கிறது.

ஆகவே அந்தப் பையனின் தர்க்கம் தலைகீழானது. உண்மையில் புழங்கிய காசுகளுக்கு எழுத்து இல்லாமல் இருந்திருக்கிறது. உண்மையில் இல்லாத காசுகளுக்கு யாரும் எழுத்து வைத்துக்கொள்ளலாம். மூன்று எழுத்தை ஒரு அப்பில் போட எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பரிவர்த்தனைத் தளங்களில் காணும் எழுத்துக்கள் எல்லாம் அந்தந்தத் தளமோ உருவாக்கியவர்களோ சூட்டிக்கொண்ட பெயர்கள். நாணயக் குறியீடு போலத் தோன்றுவதுதான் அவற்றின் பலம். யுஎஸ்டிரி என்பதில் எங்கள் கண் முதலில் வாசிப்பது யுஎஸ்டியை. கடைசி எழுத்தைக் கடந்து போய்விடுகிறது.

இந்தக் குழப்பத்தை அறிந்துதான் ஐஎஸ்ஓ 2021இல் 24165 என்ற வேறொரு நியமத்தை எண்ணிமத் 'தோக்கன்'களுக்காகக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்பது இடக் கோவை. வாசித்தால் ஒரு பொருளும் தராது, நாட்டின் பெயரும் வராது, காசின் பெயரும் வராது. வேண்டுமென்றே அப்படி. அந்தக் கோவை கிடைத்தால் அந்தத் தோக்கன் நம்பகமானது என்றும் ஆகாது. ஒன்றை இன்னொன்றோடு குழப்பாமல் அடையாளம் காண மட்டும்தான். பிட்கொயினுக்கு அதில் இடம் உண்டு. ஆனால் ஒன்பது இடக் கோவையைப் பிரசுரத்தில் அச்சிட்டுக் கிளிநொச்சியில் யாரிடம் விற்பது? மோசடிக்காரருக்குத் தேவை மூன்று எழுத்து.

எங்கள் மக்கள் இதற்கு ஏன் இலகுவாக அகப்படுகிறார்கள் என்று கொழும்பில் கேட்பவர்கள் உண்டு. பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது.

எங்களுக்கு எழுத்தில்லாத காசின் மீது நம்பிக்கை வைத்துப் பழக்கம். உண்டியல் அப்படித்தான் நடக்கிறது. கனடாவில் ஒருவர் கையில் காசு கொடுப்பார். இங்கே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். இடையில் வங்கியும் இல்லை, எல்கேஆரும் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு சொல்லும் மட்டும். யுத்த காலத்தில் பாதை பூட்டியிருந்தபோதும் அந்தச் சொல் வந்து சேர்ந்தது. 2021இலும் 2022 தொடக்கத்திலும் மத்திய வங்கி டொலரை 203 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்தபோது, உண்டியல்காரர் அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொடுத்தார். வெளிநாட்டு உழைப்பாளர் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் 710 கோடி டொலராக இருந்து 2022இல் 380 கோடிக்கு இறங்கியது. காசு நின்றுவிடவில்லை, பெருமளவு பாதை மாறிப்போனது. 2022 மார்ச் 7ஆம் திகதி பிடி தளர்ந்தது, மே மாதமளவில் டொலர் 360ஐத் தொட்டது. எல்கேஆர் என்ற எழுத்தை நம்பிச் சேமித்து வைத்திருந்தவர் இரண்டு மாதத்தில் சேமிப்பின் டொலர் பெறுமதியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை இழந்தார். குறியீடு மாறவில்லை. 144 என்ற எண்ணும் மாறவில்லை.

அந்த எழுத்துக்குள் வேறொரு நினைவும் இருக்கிறது. 2009 நவம்பரில் மத்திய வங்கி ஒரு புதிய ஆயிரம் ரூபாத் தாளை வெளியிட்டது. முன்பக்கம் கைகளை உயர்த்திய அன்றைய ஜனாதிபதி. பின்பக்கம் தேசியக்கொடி ஏற்றும் படையினர். முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள் அந்தத் தாளைக் கொடுத்துத்தான் கூரைக்குத் தகரம் வாங்கினார்கள். நான் அப்போது மாணவி. என் சகோதரி அந்தத் தாளைப் பணப்பையில் எப்போதும் பின்பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து வைப்பாள். அதுவும் எல்கேஆர்தான், வேறு எழுத்துக் கிடையாது.

ஆகவே 'எந்த அரசுக்கும் சொந்தமில்லாத காசு' என்று ஒருவர் வந்து சொன்னால், அது இங்குள்ள காதில் விழும் விதம் வேறு. கலிபோர்னியாவில் இருப்பவர் காதில் அது ஒரு கொள்கை. இங்கே அது ஒரு வாழ்க்கை அனுபவம். அதைத்தான் விற்கிறார்கள்.

மத்திய வங்கி 2018, 2021, 2022 என்று திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது: மெய்நிகர் நாணயங்களை இயக்க எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதிப்பத்திரம் வழங்கவில்லை, அவை இங்கே ஒழுங்குபடுத்தப்படவில்லை. 2021 முதல் வங்கி அட்டைகளால் அவற்றை வாங்கவும் அனுமதி இல்லை. ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மக்ஸ் டிரி ஆகியவற்றை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களாகப் பெயர் சொல்லி அறிவித்தது. நல்லது. ஆனால் இந்த அறிவித்தல்கள் வரும் இடம் பத்திரிகையின் உள்பக்கமும் வங்கியின் இணையத்தளமும். திட்டம் வரும் இடம் மாமியின் மகனின் வட்ஸ்அப். இரண்டுக்கும் ஓட்டப்பந்தயம் வைத்தால் யார் முந்துவார் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மத்திய வங்கிகளே எண்ணிம நாணயம் வெளியிடும் காலம் இது. நைஜீரியா 2021 ஒக்டோபரில் இ-நைராவைக் கொண்டுவந்தது. இந்தியா 2022 டிசம்பரில் சில்லறைப் பாவனைக்கான இ-ரூபாயைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. அவற்றுக்குத் தனிக் குறியீடு இல்லை. இ-ரூபாயும் ஐஎன்ஆர்தான். தாளாக இருந்தாலும் தொலைபேசியில் இருந்தாலும் ஒரு ரூபாய் ஒரு ரூபாய்தான், இரண்டுக்கும் வேறு எழுத்துக் கொடுத்தால் நாளை இரண்டுக்கும் வேறு விலை வந்துவிடும் என்பதே காரணம். கணக்கியலின்படி அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இலங்கை ஒருநாள் எண்ணிம ரூபாவை வெளியிட்டால் அதுவும் எல்கேஆராகவே இருக்கும்.

ஆனால் எழுத்து ஒன்றாக இருந்தாலும் காசு ஒன்றாக இருக்குமா? தாள் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. எண்ணிம ரூபா சொல்லும். 2014இல் 16 அமைப்புகளும் 424 தனிநபர்களும், 2021இல் 7 அமைப்புகளும் 388 தனிநபர்களும் வர்த்தமானியில் பட்டியலிடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அவர்களோடு தொடர்புடைய நிதியை முடக்கலாம் என்பதே அந்தப் பட்டியலின் பொருள். பிரான்ஸிலிருந்து ஒரு ஊர்ச்சங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க அனுப்பிய காசுக்கு இங்கே விளக்கம் சொல்லவேண்டி வந்தவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் ஏ9 ஓரத்தில் கொட்டகை போட்டு இருந்தபோது, யார் காசில் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டார்கள். ஒவ்வொரு ஆயிரம் ரூபாவும் தன் வரலாற்றைத் தானே சொல்லும் ஒரு முறைமையை வடக்கில் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்ற கேள்வி தொழில்நுட்பக் குழுக்களில் எழாது. எழுப்ப வேண்டியவர்கள் நாங்கள். அந்த முறைமை வருவதற்கு முன்னரே.

அடையாளம் என்பது எந்தப் பக்கம் வெட்டும் என்பதற்கு இங்கேயே ஒரு சாட்சி கிடக்கிறது. வைப்பகத்தில் மக்கள் அடகு வைத்த நகைகள். யுத்தம் முடிந்தபோது படையினர் கைப்பற்றியவற்றில் ஒரு பகுதியை 2014 ஒக்டோபரில் அன்றைய ஜனாதிபதி கிளிநொச்சியில் வைத்துச் சிலரிடம் கையளித்தார். பிறகு நீண்ட மௌனம். 2025 மே மாதம் இராணுவத்தின் பொறுப்பிலிருந்த தங்க, வெள்ளி நகைகள் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டன. உரியவர்களிடம் கொடுக்கப்போவதாகச் சொல்லப்பட்டது. உரியவர் யார் என்பதை எதைக் கொண்டு நிறுவுவது? துண்டுச்சீட்டைக் கொண்டு. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைத் தூக்கவா சீட்டை எடுக்கவா என்று நின்றவரிடம் இன்று சீட்டு இலக்கம் கேட்கிறோம். எக்ஸ்ஏயூ என்று உலகம் முழுவதும் விலை போகும் அந்தப் பொருளுக்குக் குறியீட்டுப் பஞ்சம் இல்லை. இல்லாமல் போனது ஒரு கிளை அலுவலகத்தின் கையெழுத்து இலக்கம்.

போன வாரம் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். பட்டியலைப் பற்றிச் சொன்னேன். பூட்டானைப் பற்றிச் சொன்னபோது பையன் சிரித்தான். தன்னுடைய மூன்று எழுத்தில் முதல் இரண்டும் எந்த நாடு என்று அவனே தேடிப் பார்த்தான். பசிபிக் சமுத்திரத்தில் ஒரு தீவு. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

காசைத் திருப்பி எடுக்கக் கேட்டுப் பார்த்தானாம். எடுக்கலாம், ஆனால் முதலில் 'வரி'யாகப் பதினைந்து வீதம் கட்டவேண்டும், அதையும் யுஎஸ்டிரியில் கட்டவேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. கட்டவேண்டாம் என்று சொன்னேன். அவனை இதில் சேர்த்துவிட்டது வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறவினர். அவரும் காசு போட்டவர்தான், அவரும் இப்போது அழைப்புக்குப் பதில் சொல்வதில்லை. முறைப்பாடு எழுத ஒரு மணித்தியாலம் உதவி செய்தேன். 'பணத்தின் வகை' என்று கேட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் யோசித்தோம். ஐஎஸ்ஓ பட்டியலின் கடைசியில் எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றொரு குறியீடு உண்டு, எண் 999. நாணயம் எதுவும் இல்லை என்று பொருள். அதை எழுதவில்லை. 'இலங்கை ரூபா, 150,000' என்றே எழுதினோம். அவர்கள் கொடுத்தது அதுதானே.

அம்மா குசினியிலிருந்து வந்து ஒன்றை மட்டும் கேட்டார். சங்கிலியின் தவணை மாசி மாதம் முடிகிறது, வட்டியை மட்டும் கட்டினால் இன்னும் ஆறு மாதம் நீட்டுவார்களா?